சாம்பல் காரும் கதவு அட்டையும்

இடி என்னவோ சின்ன இடிதான். அதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வதா வேண்டாமா என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

மாமா காலையில் பேத்தி சிட்டுவைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, மருமகளின் காரை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் எல்லோரும் வண்டி நிறுத்துவது. பளீரென்ற வெயிலிலிருந்து சரிவில் இறங்கி, வழக்கம்போல இடப்பக்கம் வளைத்தார். அங்கே, இரண்டாம் மாடிப் பேக்கரிக்காரம்மாவின் சாம்பல் நிறக் கார், சாம்பல் நிறம் பூசிய சுவரை ஒட்டி நின்றிருந்தது. "டக்" என்று ஒரு சத்தம். பேக்கரிக்காரம்மாவின் பின் பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சொட்டை. மருமகளின் காரில் முன்விளக்குக்குக் கீழே ஒரு கீறல். அவ்வளவுதான்.

மாமா இறங்கிப் போய் அந்தச் சொட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு மாடியேறிப் பேக்கரிக்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டி, தானே விஷயத்தைச் சொன்னார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகளும் பேச்சுச் சத்தம் கேட்டு அங்கே வந்துவிட்டாள்.

"அட, இதுக்கா மாடி ஏறி வந்தீங்க?" என்றாள் பேக்கரிக்காரம்மா, கையில் மாவோடு. "என் வண்டியில ஏற்கனவே அம்மைத் தழும்பாட்டம் அங்கங்க இருக்கு. இதோட சேர்த்து இன்னொண்ணு. விடுங்கண்ணா."

"இல்லக்கா, இன்ஷூரன்ஸ்ல சொல்லிட்டா…" என்று மருமகள் இழுத்தாள்.

"வேணாம் தாயே! அவன் ஆளனுப்புவான், போட்டோ எடுப்பான், நாளைக்கு வான்னுவான். நான் ரொட்டி சுடுறதா, அவனுக்குப் பதில் சொல்றதா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஆயுளெல்லாம் பஸ் ஓட்டியவர். டிப்போவில் அவருக்குப் 'பூ டிரைவர்' என்று பெயர். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு தூங்குகிறவன்கூட விழிக்க மாட்டான் என்பார்கள். ஓய்வு பெற்று, மனைவியும் காலமான பிறகு, அவருக்கு மிஞ்சியிருந்த உத்தியோகம் பேத்தியைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவதுதான். அதற்கு அவர் பஸ் டிரைவர் மாதிரியே கிளம்புவார்: சட்டையை இஸ்திரி போட்டு, டயரை ஒரு தட்டுத் தட்டி, கண்ணாடியைத் துடைத்து. "தாத்தா பஸ் கிளம்பிடுச்சு" என்று சிட்டு விசில் ஊதினால்தான் வண்டி நகரும்.

அன்று மாலை மகன் வேலை முடிந்து வந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். கையைக் கழுவி முடிக்கும் வரைகூட மருமகள் பொறுக்கவில்லை.

"பணம் கேக்காட்டியும் இடிச்சா சொல்லணும்னு பாலிசியில போட்டிருக்குங்க."

"எவ்வளவோ போட்டிருப்பான். அந்தம்மாவே வேணாங்கறாங்க, நமக்கும் வேணாம். நடுவுல கம்பெனிக்காரனை எதுக்கு இழுக்கற? கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாயிடும். இத்தனை வருஷம் க்ளெய்ம் பண்ணாம சேர்ந்த போனஸ் போகும், அவ்வளவுதான் லாபம்."

"லிஃப்ட் ஒரு தடவை குலுங்கினாலும் எழுதி வெச்சே ஆகணும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அது மனுஷங்க ஏறுற லிஃப்ட்டு."

"இது சிட்டு ஏறுற காரு."

"அப்பா ஓட்டி ஒரு தடவை இடிச்சதுக்கு இவ்வளவு பேச்சா" என்று முனகிக்கொண்டு மகன் துண்டைத் தேடிப் போனான். மருமகளும் அதற்கு மேல் இழுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்கும் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்குக் கம்பெனியோடு போனில் மல்லுக்கட்டும் தெம்பு எங்கே மிஞ்சும்?

விஷயம் அதோடு முடிந்திருக்கும். சிட்டு முடிய விடவில்லை.

சாப்பாட்டு மேசைக்கு எதிரே, சமையலறைக் கதவின் மேல், ஒரு கண் பரிசோதனை அட்டை தொங்கியது. மேலே ஒரே ஒரு பெரிய எண், கீழே போகப் போகச் சிறுத்து, கடைசி வரி எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். மருமகள் பரீட்சைக்குப் படித்த காலத்தில் மாட்டியது. பரீட்சை முடிந்தது, கல்யாண நாள் போட்டோக்கள் மாறின, சுவருக்கு வண்ணம் மாறியது. அட்டை மட்டும் அப்படியே இருந்தது.

அன்று இரவு அம்மாவிடம் தலை வாரிக்கொள்ள உட்கார்ந்த சிட்டு, மேசையிலிருந்த கரண்டியை எடுத்து ஒரு கண்ணை மூடினாள். பிறகு மறு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள். தலையை ஆட்டி ஆட்டிப் பாட ஆரம்பித்தாள்.

"ஏழு! நாலு ஒம்போது! ரெண்டு அஞ்சு மூணு! எட்டு ஆறு நாலு ரெண்டு…"

எறும்பு வரி வரைக்கும் ஒன்று பிசகவில்லை.

சீப்பு நடுத்தலையில் நின்றது. "கண்ணை மூடிக்கிட்டு எப்படிடி படிக்கற?"

"படிக்கலம்மா. பாட்டு. தாத்தா பாட்டு. டீ குடிக்கறப்ப தாத்தா பாடுவாரு."

மருமகள் சீப்பைக் கீழே வைத்தாள். பாலிசியைப் புதுப்பித்தபோது மாமாவின் பெயரையும் ஓட்டுநராகச் சேர்த்தார்கள். கம்பெனிப் பெண் போனில், "அவருக்குப் பார்வை எப்படி மேடம்? சமீபத்துல டெஸ்ட் எடுத்தாரா?" என்று கேட்டாள். "நானே எடுத்தேன். என் தொழிலே அதுதான்" என்று இவள் பெருமையாகச் சொன்னாள். பொய் சொல்லவில்லை. எடுக்கத்தான் எடுத்தாள். மாமாவைக் கடை வரைக்கும் அலைய வைப்பானேன் என்று, தரையில் அளந்து நாடா ஒட்டி, நாற்காலி போட்டு, அகப்பையால் ஒரு கண்ணை மறைத்து, இதே கதவு அட்டையைத்தான் படிக்க வைத்தாள். மாமா கடகடவென்று கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தார். "இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா!" என்று அவள் கை தட்டினாள்.

தினமும் அந்த அட்டைக்கு எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிற மனிதரை அதே அட்டையை வைத்துச் சோதித்திருக்கிறாள். விளக்கடியில்தான் இருட்டு.

மாமா பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு சட்டையை எடுத்து அவளும் மடித்தாள்.

"மாமா, அந்தக் காரு நின்னது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

அவர் கை நின்றது. "சுவருன்னுதாம்மா நெனச்சேன்" என்றார். "வெயில்லேர்ந்து உள்ள வந்தா கொஞ்ச நேரம் எல்லாம் பால் ஊத்தின மாதிரி இருக்கு. அப்புறம் தெளிஞ்சிடும். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

"அந்த அட்டை?"

"மனப்பாடம் பண்ணலம்மா. சத்தியமா இல்ல. அதுவா ஒட்டிக்கிச்சு." சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு நீ நாற்காலியில உக்கார வெச்சப்ப, நான் பார்த்துப் படிச்சேனா, தெரிஞ்சதைச் சொன்னேனா… எனக்கே தெரியல. நீ கை தட்டின. நானும் சரிதான்னு இருந்துட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வரவில்லை. அவர் பொய் சொன்னவர் முகத்தோடு இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர் முகத்தோடு இருந்தார்.

விஷயம் தெரிந்ததும் மகன் முகமும் விழுந்துவிட்டது. ஆனாலும் அவன் கணக்கு வேறு. "சரி, அப்பா இனிமே ஓட்ட வேண்டாம். சாவியை நான் வாங்கி வெச்சுக்கறேன். அதோட போச்சு. கம்பெனிக்கு எதுக்கு?"

"கம்பெனிகிட்ட பார்வை நல்லா இருக்குன்னு சொன்னது நான்தானே? அந்தப் பேச்சு இன்னும் அங்க நிக்குது. நாளைக்கு ஒரு அவசரம்னா அவர்கிட்டயே வண்டியை எடுக்கச் சொல்வோம். 'ஒரு தடவைதானே'ன்னு நீங்களே சொல்வீங்க."

"சொல்ல மாட்டேன்."

"சொல்வீங்க. நானும் சொல்வேன்."

அறைக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது. "இன்னொரு தடவை டெஸ்ட் எடும்மா. எனக்குத் தெரியாத அட்டையில."

மறுநாள் கடைக்குப் போனார்கள். சிட்டுவை மகன் பள்ளியில் விட்டிருந்தான். மருமகள் ஓட்ட, மாமா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, சிக்னல் வரும்போதெல்லாம் காலால் தரையை அழுத்தி இல்லாத பிரேக்கைப் போட்டுக்கொண்டு வந்தார்.

பரிசோதனை அறை குறுகலானது. உயர்த்தவும் தாழ்த்தவும் முடிகிற நாற்காலி, எதிரே கண்ணாடியில் விழும் எண்கள், பல்வரிசைபோல் லென்ஸ்கள் அடுக்கிய பெட்டி. மாமா நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அவள் அவர் மூக்கின் மேல் கனத்த வட்டச் சட்டத்தை மாட்டினாள்.

"மேல ஒண்ணு. மூணு. அடுத்தது… ஆறு, ஒண்ணு." மூன்றாவது வரியில் நின்றார். "எட்டா இருக்கும். இல்ல, மூணு. நீ சிரிக்காத."

"சிரிக்கல மாமா." அவள் ஒரு லென்ஸைப் போட்டு எடுத்தாள், இன்னொன்றைப் போட்டாள். தினமும் வாய் ஓய்கிற மட்டும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "முதல்ல போட்டதுல நல்லா தெரியுதா, இதுலயா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

வேறொன்று. வேறொன்று. எல்லாவற்றுக்கும் அதே பதில். அவள் சட்டத்தைக் கழற்றிவிட்டு, விளக்குப் பிடித்துக் கருவி வழியாகப் பார்த்தாள். கருமணிக்குள் மூச்சு பட்ட கண்ணாடிபோல் ஒரு மங்கல். இரண்டு கண்ணிலும்.

"கண்ணாடி போட்டாத் தீராது மாமா. புரை. டாக்டர்கிட்ட காட்டணும். லென்ஸ் மாத்தி வைப்பாங்க."

"கண்ணுக்குள்ளயா?"

"ஆமா."

அவர் நாற்காலியின் கைப்பிடியை ஸ்டியரிங்போல் பிடித்திருந்தார். "அப்புறம் ஓட்டலாமா?"

சரி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. இந்த முறை அதைப் பிடித்து நிறுத்தினாள். "டாக்டர் பார்த்துச் சொன்னா ஓட்டலாம். நான் சொன்னா செல்லாது. வீட்டு ஆளு."

கடை வாசலில் காருக்குள் உட்கார்ந்தே கம்பெனிக்குப் போன் செய்தாள். மாமாவும் கேட்கட்டும் என்று போனை இருவருக்கும் நடுவில் வைத்தாள். ஒரு பெண் பேசினாள். எங்கே, எப்போது, யாருக்காவது அடி பட்டதா என்று வரிசையாகக் கேட்டாள். மருமகளும் வரிசையாகச் சொன்னாள்.

"ஓட்டினவருக்குப் பார்வையில ஏதாவது குறை உண்டா மேடம்? போன தடவை நீங்களே டெஸ்ட் எடுத்து, நல்லா இருக்குன்னு சொன்னதா பதிவுல இருக்கு."

மருமகள் வாயைத் திறப்பதற்குள் மாமா போனின் மேல் குனிந்தார்.

"நான்தாம்மா ஓட்டினேன். அந்தக் காரு எனக்குத் தெரியல. இவங்க மேல தப்பில்ல. நான்தான் கண்ணால படிக்காம வாயால படிச்சிட்டேன்."

"இல்லம்மா, டெஸ்ட் எடுத்த விதமே தப்பு" என்றாள் மருமகள். "வருஷக்கணக்கா வீட்டுல தொங்கற அட்டையை வெச்சு எடுத்தேன். அதை எழுதிக்கோங்க."

"அதை எழுத வேண்டாம்மா, நான் சொன்னதை எழுது."

அந்தப் பக்கம் கொஞ்சம் திணறியது. "ஒரு நிமிஷம்… நான் யார் சொல்றதை எழுத?"

"ரெண்டையும்" என்றார்கள் இருவரும்.

கம்பெனிப் பெண் எழுதிக்கொண்டாள். டாக்டர் சான்று தரும் வரை பெரியவர் பெயரை ஓட்டுநர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னாள். போனஸ் விஷயம் மேலே இருப்பவர்கள் பார்த்துத் தீர்மானிப்பார்கள் என்றாள். "வேற ஏதாவது சொல்லணுமா சார்?" என்று கடைசியாகக் கேட்டாள்.

மாமா யோசித்தார். "சுவருக்கும் காருக்கும் ஒரே சாம்பல் பெயின்ட்ட அடிச்சு வெச்சவனை ஒரு வார்த்தை கேளும்மா" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் மாமாவும் சிரித்தார். இடித்த நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

வீடு திரும்பிக் கீழ்த்தளச் சரிவில் இறங்கும்போது, "நிறுத்து" என்றார் மாமா. இறங்கி, சுவரோரமாகக் கையை முன்னே நீட்டித் தடவிக்கொண்டே நடந்தார். பேக்கரிக்காரம்மாவின் காரைத் தொட்டதும் நின்றார். இடது உள்ளங்கையை அந்தச் சொட்டையின் மேல் வைத்துக்கொண்டார். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"வா… வா… வா… ரைட்… இன்னும் இடம் இருக்கு, பயப்படாம வா…"

மருமகள் பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தே ஓட்டினாள்.

"போதும்!"

பூப்போல நிறுத்தினாள்.