யானைக்கு முதுகு காட்டி எடுத்த படம்

என் மனைவி யாதவி விட்டுப்போனவற்றில் நாலாயிரத்து இருநூறு படங்கள் இருக்கின்றன. எல்லாம் தன்சானியாவில் ஆறு நாட்களில் எடுத்தவை. சிங்கம், சிறுத்தை, வரிக்குதிரை, கழுகு, சாணி உருட்டும் வண்டு. அவள் ஒன்றில்கூட இல்லை. எடுத்தவள் அவள்.

பயணம் முடிந்து நான்காம் மாதம் இறந்துபோனாள். மூளையில் ஓர் இரத்தக்குழாய் வெடித்தது. செவ்வாய்க்கிழமை, வேலையிடத்தில், மதியச் சாப்பாட்டுக்கு முன். அவளுக்கு இருபத்தொன்பது வயது, எனக்கு முப்பத்தொன்று. அதைப் பற்றி எழுத இதற்கு மேல் என்னிடம் இல்லை.

ஆண்டுத் திவசத்துக்கு மூன்று கிழமை இருந்தபோது மாமி சுவிஸின் வடக்கே ஷாஃப்ஹவுசனிலிருந்து போன் எடுத்தார். யாதவியின் அம்மா, தனலட்சுமி.

“தம்பி, இந்தமுறை அந்தப் படத்தை வைக்காதேங்கோ.”

“ஏன் மாமி?”

“அது என்ர பிள்ளை இல்லை.”

சரிதான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவசரமாக ஒரு படம் தேவைப்பட்டது. கல்யாண அல்பத்தில் அவள் முகத்தின் மேல் மேக்கப்பில் இன்னொரு முகம் பூசப்பட்டிருந்தது. போனில் படம் எடுத்தால் கையை நீட்டி மறைத்துவிடுவாள். என் போனில் அவளுடைய உள்ளங்கை பதினாறு தடவை இருக்கிறது. அதனால் கடவுச்சீட்டுப் படத்தை ஒரு தமிழ் ஸ்டூடியோவிடம் கொடுத்தோம். அவர்கள் தலையை வெட்டி, இளஞ்சிவப்புப் பட்டுச்சேலை கட்டிய யாரோ ஒரு பெண்ணின் உடம்பில் ஒட்டிக் கொடுத்தார்கள். யாதவியின் கழுத்தில் ஒரு மச்சம் உண்டு. அந்தக் கழுத்தில் இல்லை. பதினொரு மாதமாக அந்தக் கழுத்து எமன்புரூக்கேயில் என் வீட்டுச் சுவர்த்தட்டில் இருக்கிறது.

மாமியிடம் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. அவள் முகம் எனக்குள் மங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் கடவுச்சீட்டுத்தான் வந்தது.

இரண்டு நாள் மாலையில் அவளுடைய கோப்புகளைத் திறந்து பார்த்தேன். ஒரு கண்ணாடியிலாவது அவள் நிழல் விழுந்திருக்குமா என்று தேடினேன். ஒரு நீர்யானை கொட்டாவி விடுவது முப்பத்தெட்டுப் படம். அவளுக்கு அவ்வளவு பொறுமை. நான் அலுத்து உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டிருப்பாள். ஐந்தாம் நாளிலிருந்து படங்கள் லேசாகச் சரிந்திருந்தன. அதன் காரணம் எனக்குத் தெரியும். அதை நினைத்தபோதுதான் தில்லைநாயகி அன்ரியின் ஞாபகம் வந்தது.

சூரிச்சிலிருந்து போன குழுவில் பதினாறு பேர் இருந்தோம். பயண நிறுவனத்தார் நீளமான பெயர்களை எல்லாம் ஒரே ஜீப்பில் போட்டுவிட்டார்கள். அப்படித்தான் லா ஷோ-து-ஃபோனிலிருந்து வந்த தம்பித்துரை அங்கிளும் தில்லைநாயகி அன்ரியும் எங்களோடு ஏறினார்கள். அங்கிள் கடிகார உறைகளை மினுக்கும் தொழிற்சாலையில் முப்பது வருடமாக வேலை செய்கிறவர். அறுபதாம் கல்யாணத்துக்கு மகன் கிஷோபன் இந்தப் பயணத்தைப் பரிசாகக் கொடுத்திருந்தான். அன்ரி கேட்டது மதுரை மீனாட்சியை. கிடைத்தது சிங்கம்.

அன்ரிக்கு மிருகங்கள் என்றால் பயம். முதல் நாளே சாரதிக்குப் பின்னால் இருந்த ஆசனத்தில் எங்களைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்துவிட்டார். சாலையில் வருவது எதுவானாலும் அதற்கு அன்ரியின் முதுகுதான்.

“தில்லை, திரும்பிப் பாரும். சிங்கம்.”

“அது என்னைப் பார்க்காட்டிப் போதும்.”

“பிள்ளை ஆசையா அனுப்பியிருக்கிறான். நீர் சிங்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறீர்.”

“சிங்கத்துக்கு மட்டுமோ? முப்பத்தஞ்சு வருசமா குசினியில உங்களுக்கும் அதைத்தான் காட்டிக்கொண்டு நிக்கிறன்.”

யாதவி கமெராவை ஆட்டிவிட்டாள், சிரித்து. சிங்கம் போய்விட்டது.

ஜீப்பின் மேல்திறப்பில் லென்ஸை வைக்க அவள் ஒரு துணிப்பை தைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதற்குள் இரண்டு கிலோ மைசூர்ப் பருப்பு. மணலைவிட நன்றாக அமரும் என்பாள். அன்ரி அதை அமுக்கிப் பார்த்தார்.

“சமைக்கவோ பிள்ளை?”

“இல்லை அன்ரி. கமெரா ஆடாமல் இருக்க.”

“சாப்பாட்டுச் சாமானுக்கு மேல இரும்பைத் தூக்கி வைச்சிருக்கு. லட்சுமி எங்க வருவா?”

நான்காம் நாள் விடுதியில் மீண்டும் மக்கரோனி. அன்ரி யாதவியிடம் கேட்டு, பையின் ஓரத் தையலைப் பிரித்து, நாலு கை பருப்பு அள்ளிக்கொண்டு விடுதிச் சமையலறைக்குள் போனார். என்ன மொழியில் கதைத்தார் என்று தெரியாது. அரை மணித்தியாலத்தில் பருப்புக்கறியோடு வந்தார். யாதவி மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாள். மறுநாள் பை தொய்ந்து கிடந்தது. லென்ஸ் சரிந்தது. அவள் அன்ரியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு நாளும் எங்களைப் பார்த்தபடி இருந்த அன்ரியின் போனில் யாதவி இருக்கக்கூடும். அவர்கள் இலக்கத்தைத் தேடி எடுத்து அழைத்தேன்.

“ஆர், எமன்புரூக்கே தம்பியோ?” அங்கிளின் குரல் பெரியது. “பிள்ளை எப்பிடி? அடுத்தமுறை எந்தக் காடு? நானும் வாறன். இவவை வீட்டில விட்டுப்போட்டு வாறன்.”

அவர்களுக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னேன். இரண்டு வசனம் போதுமாக இருந்தது.

அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். பிறகு அன்ரி வந்தார்.

“தம்பி, சாப்பிட்டனீங்களோ?”

பின்னேரம் நாலு மணி. நான் அன்று சாப்பிட்டிருக்கவில்லை. அதைச் சொன்னேன். ஏதாவது வயிற்றில் போட்டுவிட்டுப் பிறகு எடுங்கோ என்றார். பாணும் வெண்ணெயும் சாப்பிட்டுவிட்டு மீண்டும் எடுத்தேன். படம் கேட்டேன்.

“என்னட்ட மிருகம் ஒண்டும் இல்லையே தம்பி.”

“மிருகம் வேண்டாம் அன்ரி.”

“அவரிட்ட கேட்டும் பிரயோசனமில்லை. சிங்கத்துக்கு முன்னால அவர், யானைக்கு முன்னால அவர், மலசலகூடத்துக்கு முன்னாலயும் அவர். என்ர போனில என்ன கிடக்கோ தெரியாது. எனக்கு அனுப்பவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வாங்கோ.”

போனேன். பீல் நகரில் ரயில் மாறினேன். மலை ஏற ஏறப் பனி கூடியது. அங்கிள் நிலையத்தில் நின்றார். கையைப் பிடித்தார், விடவில்லை. வீடு வரும்வரை அவர் ஒரு பகிடியும் கேலியும் விடவில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

முதலில் சோறு. பருப்பு, வெண்டிக்காய், முட்டைப்பொரியல். நான் முடிக்கும்வரை அன்ரி போனை எடுக்கவில்லை. திரை வெடித்த பழைய போன். பயணப் படங்கள் அறுபத்து மூன்று இருந்தன. எல்லாவற்றிலும் ஒரு மூலையில் அன்ரியின் பெருவிரல்.

சாரதியின் தொப்பி. ஜீப்பின் கூரை. அங்கிளின் மூக்கு. யாதவி, முகத்தை மறைத்துக் கமெரா. மீண்டும் யாதவி, மீண்டும் கமெரா. இருபத்தாறு, இருபத்தேழு என்று எண்ணிக்கொண்டே தள்ளினேன். அவள் கைகள், முழங்கை, தொப்பி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கறுப்பு லென்ஸ். நாற்பது தாண்டியபோது வந்தது வீண் என்று நினைத்தேன். ஏமாற்றம் அவர்களுக்குத் தெரியாதபடி முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஐம்பத்தொன்றாவது படத்தில் கமெரா இல்லை.

கடைசி நாள் காலை. ஒரு பெண்யானை சாலையில் நேரே வந்து ஜீப்பை உரசுகிற மாதிரிக் கடந்து போனது. அந்த லென்ஸுக்கு அவ்வளவு கிட்டத்தில் எதுவும் தெளியாது. அவள் கமெராவைப் பையின் மேல் விட்டுவிட்டு வெறும் கண்ணால் பார்த்திருக்கிறாள். கீழிருந்து எடுத்த படம். தலைமயிரில் செம்மண். கழுத்தில் மச்சம். வாய் திறந்திருந்தது. முன்பல்லின் ஓரத்தில் உடைந்த சின்னத்துண்டின் இடம்கூடத் தெரிந்தது.

அது அவள்தான். நான் மறந்துகொண்டிருந்த முகம் அதுதான்.

நானும் இருந்தேன், பின்னால், பாதி. ஆசனத்தின் மேல் ஏறி வெளியே சாய்ந்து நின்ற அவளுடைய இடுப்புப் பெல்ட்டை என் வலது கை பக்கவாட்டிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் மூட்டுகள் வெளிறியிருந்தன. அப்படிப் பிடித்தது எனக்கு ஞாபகமே இல்லை.

“அன்ரி, ஏன் யாதவியையே எடுத்தனீங்கள்?”

அன்ரி கொஞ்சம் வெட்கப்பட்டார். “எனக்குப் பின்னால என்ன வருதெண்டு எனக்குத் தெரியாதே தம்பி. திரும்பிப் பார்க்கவும் பயம். பிள்ளையின்ர முகத்தைப் பார்ப்பன். அவ பயப்பிடாட்டி நானும் பயப்பிடத் தேவையில்லை. ஆறு நாளும் அப்பிடித்தான் இருந்தனான். கமெரா முகத்தை மறைச்சால் கையைப் பார்ப்பன். போனுக்குள்ளால பார்த்தால் நடுக்கம் கொஞ்சம் குறையும், அதுதான் அமத்தி அமத்தி எடுத்தது.”

“யானை வந்தபோது?”

“உந்த முகத்தைப் பாருங்கோ. இதில பயம் கிடக்கோ? அண்டைக்குத்தான் நான் மூச்சு விட்டனான்.”

“நன்றி அன்ரி,” என்றேன். எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் சொல்லும் சொல் அல்ல. அன்ரி என்ன செய்வதென்று தெரியாமல் என் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

“இந்தப் பிரெஞ்சு ஊரில மெர்சி எண்டுதான் சொல்ல வேணும், தம்பி,” என்றார் அங்கிள். மூவரும் சிரித்தோம். பதினொரு மாதத்தில் என் சிரிப்புச் சத்தத்தை நான் கேட்டது அன்றுதான்.

அன்ரி போத்தலில் பருப்பும் கட்டித் தந்தார், பச்சையாக. “நாலு கை எடுத்தனான். பையை நிரப்பி வையுங்கோ.” கேட்கத்தான் நினைத்தேன், லென்ஸ் சரிந்தது உங்களுக்குத் தெரியுமா என்று. போத்தலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அதே ஸ்டூடியோவுக்குப் போனேன். இளம் பெடியன் ஒருவன் இருந்தான்.

“நல்ல படம், அண்ணை. வாயை மூடிவிடட்டோ? இப்ப ரெண்டு நிமிச வேலை.”

“வேண்டாம்.”

“பொட்டு?”

“வேண்டாம். தோள்வரை வெட்டுங்கோ, போதும்.”

“மூலையில ஆரோட விரல் ஒண்டு நிக்குது. அதை எடுத்துவிடுறன்.”

“இருக்கட்டும்.”

“விரலோ?”

“ஓம். விரல்.”

சனிக்கிழமை சட்டமிட்ட படத்தோடு ஷாஃப்ஹவுசன் போனேன். மாமி வாங்கி மேசையில் வைத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொட்டில்லை, சேலையில்லை, தலை முழுக்கப் புழுதி. வேண்டாம் என்று சொன்னால் என்னிடம் வேறு படம் இல்லை.

“வாய்,” என்றார் மாமி.

“என்ன மாமி?”

“சின்னனில இருந்து சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன். எதைப் பார்த்தாலும் வாயைத் திறந்துகொண்டு நிப்பாள். ரைன் நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனால் வாய் நிறையத் தண்ணி. வாயை மூடடி, வாயை மூடடி எண்டு…” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் போட்டார். “இது ஆர் எடுத்தது?”

சொன்னேன். சிங்கத்துக்கு முதுகு காட்டியது, பருப்பு, எல்லாம்.

“அவையளையும் திவசத்துக்கு வரச் சொல்லுங்கோ.”

“சொல்லிப்போட்டன் மாமி.”

விரலைப் பார்த்தார். “எதைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாள்?”

“யானை.”

“எவ்வளவு தூரத்தில?”

“கை நீட்டினால் தொடலாம்.”

மாமி நிமிர்ந்தார். ஒரு வருடம் கழித்தும் அந்தக் கண்களில் பயம் வந்தது. “அவ்வளவு கிட்டவோ? எட்டிப் பார்த்திருப்பாளே. நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்களோ?”

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

“ஓம் மாமி. பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனான்.”

போனை எடுத்து முழுப் படத்தையும் காட்டினேன். மாமி திரையைப் பெரிதாக்கி, மகளின் முகத்தைத் தாண்டி, கீழே என் கையில் போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பித் தந்தார்.

“வாங்கோ,” என்றார். “சாப்பிடுவம்.”