அல்போராதா வந்த காலை

வெள்ளை. கடலின் விளிம்பில் ஒரே ஒரு வெள்ளைக் கீற்று. காலை வெளிச்சம் அதைத் தொட்டது, கீற்று கப்பலாயிற்று.

வருகிறது! அல்போராதா வருகிறது! சிலி நாட்டின் முதிய குரூசர் போர்க்கப்பல். போருக்கெனப் பிறந்து போரே காணாத கப்பல். கொடிகளை வணங்கியது, மிதக்கும் இலக்குகளைச் சுட்டது, அணிவகுப்புகளில் முன்னே சென்றது. அன்று வரை அவ்வளவே அதன் வரலாறு.

கரையில் ரொசாவுரா நின்றாள். இடுப்பில் மகள் நீவெஸ்; காய்ச்சலில் உதடு வெடித்த குழந்தை. நிலம் நடுங்கிக் கடல் ஏறியதில் ஊர்க் கிணறுகள் உப்பாகியிருந்தன. மழையே அறியாத பாலைக் கரை. கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீராக்கும் கொதிகலன்கள் அந்தக் கப்பலில் இருந்தன.

வருகிறது. தண்ணீர் வருகிறது!

அன்று நாட்டின் விடுதலை நாள். துறைமுகம் புகும் போர்க்கப்பல் அந்நாளில் பீரங்கி முழக்கி வணங்க வேண்டும் என்பது விதி. கப்பல்தலைவர் உர்ருத்தியா விதி தவறாதவர். கை உயர்த்தினார்.

இடி. மீண்டும் இடி. குன்றுகள் அதிர்ந்தன.

“ஐயோ, மறுபடி ஆடுது! மேல ஓடுங்க!”

ஊரே குன்றேறி ஓடியது. ரொசாவுராவும் ஓடினாள். கரையில் வெற்று வாளிகள் உருண்டன. தண்ணீர் வந்துவிட்டது, வாங்க ஆளில்லை.

பாதி ஏற்றத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள். கடல் பின்வாங்கவில்லை. பீரங்கி வாய்களில் வெள்ளைப் புகை.

“போகாதடி, கடல் ஏறும்!” மேலிருந்து கத்தினார்கள்.

போனாள். அத்தனை பேர் ஏற, அவள் ஒருத்தி இறங்கினாள்.

கப்பலிலிருந்து தண்ணீர்ப் படகு வந்து கரை தொட்டது. தலைவரே வந்திருந்தார்.

“ஏன் கேப்டன், செத்துப் பிழைச்ச ஊரையா மிரட்டுவீங்க? முதல்ல தண்ணியக் குடுங்க, அப்புறம் சலாம் போடுங்க!”

துடுப்புப் போட்டவர்கள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். தலைவர் தொப்பியைக் கழற்றினார். கப்பலின் வெள்ளை எனாமல் வாளியைத் தாமே நிரப்பி நீட்டினார்.

“தப்புதாம்மா. குழந்தைக்குக் குடுங்க.”

நீவெஸ் குடித்தாள். இருமினாள். மீண்டும் குடித்தாள்.

தலைவர் கப்பலை நோக்கிக் கையசைத்தார். தளத்தில் எக்காளம் எழுந்தது. முரசு எழுந்தது. குவேக்கா! எந்தத் திருமணத்திலும் ஆடும் அந்த நடனத்தின் தாளம். நிலநடுக்கம் குவேக்கா வாசிக்காது. குன்று முழுவதும் சிரித்தது, வாளிகளைத் தேடி இறங்கியது, இறங்கும்போதே ஆடியது.

பின்னொரு நாள் அல்போராதாவைப் பழைய இரும்புக்காக உடைத்தார்கள். அதன் பீரங்கிகளுக்கு அஞ்சி ஓடியது ஓர் ஊர் மட்டுமே. அதுவும் சொந்த நாட்டு ஊர்.

எனாமல் வாளி ரொசாவுராவின் வீட்டில் தங்கிவிட்டது. வளர்ந்த நீவெஸ் காலைதோறும் அதைத் தளும்பத் தளும்ப நிரப்புகிறாள். வெளிச்சம் தொடுகிறது. தண்ணீரின் விளிம்பில், ஒரே ஒரு வெள்ளைக் கீற்று.