தைக்க முடிகிற ஓட்டை

"அப்பா, இதுல எது பட்டா கம்மியா வலிக்கும்?"

என் மகள் வஹீதா ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. கேட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. அன்று ஆம்பூரில் தோல் பதனிடும் எங்கள் ஷாப்பின் மேசைமேல் இரண்டு ரிவால்வர்கள் இருந்தன. ஒன்று முப்பத்திரண்டு, மற்றது முப்பத்தெட்டு. குழாய் வாயின் அளவை வைத்து அப்படிச் சொல்வார்கள்.

அந்த வருஷம் கலவை ஊர்ச் சந்தைக்குப் போகும் வழியில் தோல் வியாபாரிகள் இருவரை அடித்துப் பணத்தைப் பறித்துவிட்டார்கள். பதனிடாத பச்சைத்தோல் வாங்க நானும் வாராவாரம் அந்த வழியாகத்தான் போகவேண்டும். கலெக்டர் கச்சேரியில் லைசென்ஸ் கொடுத்தார்கள்: ஒரு ரிவால்வர், வருஷத்துக்கு ஐம்பது தோட்டா. சுட்டுப் பழகுவதும் இடுப்பில் வைத்து நடப்பதும் அந்த ஒன்றோடுதான். வேலூரில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த என் தோஸ்த் சீனிவாசன் இரண்டையும் ரயிலில் கொண்டுவந்திருந்தான்.

"வலி யாருக்கு பாப்பா? சுடறவர் கைக்கா, படறவனுக்கா?" என்று சீனிவாசன் சிரித்தான்.

"படறவங்களுக்கு."

அவன் சிரிப்பு நின்றது. நான் வஹீதாவை வீட்டுக்குள் அனுப்பிவிட்டேன்.

ஷாப்பின் பின்னால் தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டை மலைபோலக் குவிந்திருந்தது. குண்டு அதைத் தாண்டிப் போகாது. குறிபார்த்துச் சுட ஒரு கழிவுத்தோல் தேடினேன். எங்கள் தோல்களுக்கெல்லாம் வால்பக்கம் மூன்று வெட்டுக் குறி உண்டு. அந்த வெட்டு இல்லாமல் ஒன்று ஓரமாகத் தொங்கியது. கழிவு என்று நினைத்து எடுத்துக் குவியலுக்கு முன்னால் கட்டினேன்.

ஒவ்வொன்றிலும் ஆறு முறை சுட்டேன். முப்பத்தெட்டு மணிக்கட்டை உதறியது. அடுத்த முறை வெடிப்பதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டேன். முப்பத்திரண்டு கைக்குள் அடங்கியது. பன்னிரண்டில் தோலில் பட்டவை இரண்டே இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒன்று.

"பட்டைக் குவியல் செத்துப்போச்சு கஃபார் பாய், தோலு பொழைச்சுக்கிச்சு" என்றான் சீனிவாசன்.

நான் ஓட்டைகளை விரலால் தடவினேன். சிறியதில் சுண்டுவிரல் நுனிகூட நுழையவில்லை. பெரியது ஓரம் பிய்ந்திருந்தது. "இது தேவலை. தோலு ஜாஸ்தி கெடல" என்றேன்.

"அட, தோல்காரன் புத்தி! ஓட்ட சின்னதா இருந்தா நல்ல துப்பாக்கியா? எதிர்ல வர்றவன் நிக்கணும் பாய். ரெண்டையும் கடையில வைக்கிறேன். அடுத்த வாரத்துக்குள்ள சொல்லு."

தோலைப் பழைய இடத்தில் மாட்டிவிட்டு அதை மறந்துபோனேன்.

இரண்டு நாள் கழித்து மீனாம்பாள் வந்தாள். பக்கத்துக் கிராமத்தில் ஒண்டியாகக் கேழ்வரகு பயிர் செய்கிறவள். செத்துப்போன தன் மாட்டின் தோலைப் பதனிடக் கொடுத்திருந்தாள். மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்க, தண்ணீர் மொள்ளும் சால் அதில்தான் தைக்கவேண்டும். வெளியார் தோலுக்கு எங்கள் குறி வெட்டுவதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. மேஸ்திரி பஞ்சாட்சரம் தோலை விரித்தார். இரண்டு ஓட்டைகள்.

"எவன்டா கத்தி போட்டது? அவன் கூலியில பிடிக்கிறேன் பார்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். தோல் சீவிக்கொண்டிருந்த முனீர் வெளிறிப்போய் எழுந்து நின்றான்.

மீனாம்பாள் அவனைப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள். "திட்டாதீங்க மேஸ்திரி. எம்மாட்டுக்கு அங்க புண்ணு இருந்துச்சு" என்றாள்.

புண் அப்படி இருக்காது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சுட்டது நான் என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். யாரோ ஒரு கூலிக்காரனின் சோற்றுக்காக அவள் தன் நஷ்டத்தைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

அதற்கு ஐந்தாம் நாள் அவள் நிலத்துப் பக்கம் போனேன். இரவல் வாங்கிய மாட்டைச் சோடி சேர்த்துக் கவலை ஓட்டிக்கொண்டிருந்தாள். சாலில் சிறிய ஓட்டையை நூலால் இழுத்துத் தைத்து மெழுகு அடைத்திருந்தார்கள். அதில் ஈரம்கூட இல்லை. பெரியதன் தையல் பிய்ந்து, மேலே வருவதற்குள் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. கடைசிப் பாத்திகளில் கேழ்வரகு மஞ்சளாகச் சுருண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் தாங்கினாலே அதிகம்.

வஹீதாவுக்கு நான் சொல்லாத பதில் அந்தச் சாலில் இருந்தது. தைக்க முடிகிற ஓட்டைதான் கம்மியாக வலிக்கும்.

அன்றே சீனிவாசனுக்குக் கடிதம் போட்டேன்: "முப்பத்திரண்டு போதும்." பதினோரு வருஷமாக அது என் இடுப்பில் இருக்கிறது. பட்டைக் குவியலையும் அந்தத் தோலையும் தவிர எதையும் அது சுட்டதில்லை. அல்லாஹ்வின் கிருபை.

பிறகு எங்கள் கிடங்கிலேயே நல்ல எருமைத்தோலாக ஒன்றைத் தேர்ந்து, ஆம்பூரில் இரட்டைத் தையலாகச் சால் தைக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். சந்தை நாள். மீனாம்பாள் ஊரில் இல்லை. வயலில் ஆள் நடமாட்டமும் இல்லை.

கவலைக் கயிற்றிலிருந்து பழைய சாலை அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டினேன். தண்ணீர் வெளியே விழும் அதன் தோல்வாலை மேலே மடக்கிப் பிடித்து, தொட்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். நூறுவரை எண்ணினேன். ஒரு சொட்டு விழவில்லை.

அந்தத் தண்ணீரைக் கடைசிப் பாத்தியில் விட்டுவிட்டுத் திரும்பினேன்.