வட்டம் போட்ட ஸ்குரூ

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். மழையில் ஊறிய மலையில், கொழுந்து மூட்டையோடு சறுக்கி விழுந்துதான் வேலாயி முதுகெலும்பை உடைத்துக்கொண்டாள். தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கையா பதறிப்போய் விசாரித்தார். கொழுந்து கொட்டிப்போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் உடைந்த எலும்புக்கு மேலும் கீழுமாக ஆறு ஸ்குரூ போட்டார்கள். முதுகைக் கிழிக்கவில்லை. எக்ஸ்ரேயில் பார்த்துப் பார்த்து, சின்னச் சின்ன ஓட்டை வழியாகவே முடித்துவிட்டார்கள். அருமையான வேலை. வினையும் அங்கேதான் பிடித்தது.

பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் பிரியந்தி நலம் விசாரிக்க வந்தாள்.

"எங்கக்கா காயம்?"

"அந்தா, புள்ளி புள்ளியா இருக்கே."

"இதுவா? அட்டை கடிச்சாக்கூட இதவிடப் பெருசா இருக்கும்! என் வயித்தப் பாரு, நானுஓயாத் தண்டவாளம் கணக்கா. அதுக்குப் பேரு ஆப்ரேஷன்!"

மறுநாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லார் வாயிலும் அட்டைக்கடிதான்.

எலும்பு கூடுவதற்குள் பாரம் தூக்கினால் காலே விளங்காமல் போகலாம், உட்கார்ந்து செய்கிற வேலைதான் செய்யலாம் என்று டாக்டர் துண்டு எழுதிக் கொடுத்திருந்தார். கண்டாக்கையா அதைப் படித்தார். படித்து மடித்தார்.

"டாக்டருமாரு அப்படித்தான் எழுதுவாங்க. அட்டைக்கடிக்கெல்லாம் நாற்றுமேடையில ஒக்கார வச்சா, மலைக்கு நானா போறது?"

"நீங்க போனா மலை தாங்காதுங்க," என்றான் வேலாயியின் புருசன் சின்னராசா, அவர் வயிற்றைப் பார்த்தபடி. பிறகு ஸ்கேன் படத்தை நீட்டினான்.

கண்டாக்கையா அதை வெயிலுக்கு நேரே பிடித்து, பெரிய சர்ஜன் மாதிரி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாத்தானே இருக்கு! நேரா, வரிசையா. நம்ம ஆளுக கன்னு நட்டாக்கூட இந்த வரிசை வராது. பெறகு என்ன நோவு? ஆமா, இது என்ன செவப்பு வட்டம்?"

"அந்த ஸ்குரூ ஒண்ணு மட்டும் எலும்பு ஓரத்துல ஒரு நூலளவு வெளிய வந்திருக்காம்," என்றாள் வேலாயி. "நரம்புல படலியாம், பயப்பட..."

சின்னராசா அவள் காலை மிதித்தான்.

"வெளிய வந்திருச்சுங்க," என்றான் துக்கக் குரலில். அதோடு நிறுத்திக்கொண்டான்.

கண்டாக்கையாவின் முகம் வெளுத்தது. "வெளியவா? மலையில வச்சு அது கழண்டு விழுந்தா?"

"உங்க மலைதானுங்க, நீங்கதான் பதில் சொல்லணும்."

அன்றே வேலாயிக்கு நாற்றுமேடையில் கன்றுப் பைகளில் மண் நிரப்பும் வேலை. உட்காரப் பலகைகூட வந்தது.

கொஞ்ச மாதம் கழித்து கிளினிக்கில் புதுப் படம் எடுத்தார்கள். டாக்டருக்கு ஒரே பூரிப்பு.

"நல்லா வருதும்மா. இன்னும் முழுசா கூடல, பாரம் மட்டும் வேணாம். அந்த ஸ்குரூவும் அசையல. ஒரு தொந்தரவும் இல்ல."

வேலாயி படத்தை முன்னும் பின்னும் திருப்பினாள்.

"வட்டத்தக் காணமேங்க?"

"அது பழைய படத்துல ஸ்டூடண்டுகளுக்குக் காட்டப் போட்டது. இப்ப எதுக்கு?"

"ஒண்ணு போட்டுக் குடுங்கய்யா. நீங்க நேராப் போட்ட அஞ்சும் என்னைய மலைக்குத்தான் வெரட்டுச்சு. எங்க கண்டாக்கையாகிட்டச் செல்லுறது அந்தக் கோணல் ஒண்ணுதான்."

டாக்டர் சிரிக்கலாமா கோபப்படலாமா என்று யோசித்தார். பிறகு சிவப்புப் பேனாவைத் தேடினார்.

"கொஞ்சம் பெருசாவே போடுங்கய்யா," என்றாள் வேலாயி. "அவருக்குக் கண்ணு மங்கல்."