பொதுவில் வாங்கிய கிளி

“எத்தனை வருஷத்துக்குப் பார்க்கிறீக?”

கடைக்காரர் முத்தரசு வாடகைக்கு வீடு காட்டுகிறவர் மாதிரிதான் கேட்டார். விசாலி கூண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். செக்காலை ரோட்டு இரைச்சலைக் கடைக்குள் இருந்த பறவைகளின் இரைச்சல் அமுக்கிக்கொண்டிருந்தது.

“வீட்டுக்குள்ளயே வச்சுக்கிற மாதிரி வேணும். கொஞ்ச நாள்ல செத்துப்போற மாதிரி வேணாம்னு எங்க அயித்தை சொல்றாக.”

“அப்ப லவ் பேர்ட்ஸ் வேணாம். பத்து வருஷம் தாண்டாது. கொண்டை வச்ச காக்டெய்ல் கிளி எடுத்தீகன்னா பதினஞ்சு, இருபது. இந்தா நிக்குது பாருங்க, வால் மட்டும் செவப்பா, ஆப்பிரிக்காக் கிளி. நல்லாப் பார்த்துக்கிட்டா அம்பது வருஷம். ரெஜிஸ்டர் எல்லாம் பண்ணி முறையாக் குடுத்துருவேன். நம்ம ஊர்ப் பச்சைக்கிளி மட்டும் கேக்காதீக, வனத்துறை வந்துரும்.”

அந்தச் சாம்பல் கிளி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. விசாலிக்கு முப்பது வயது. ஐம்பதைக் கூட்டிப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

“ஒண்ணு சொல்லிடுறேன்” என்றார் முத்தரசு. “இதைத் தனியா விட்டுட்டு நாள் கணக்கா வெளிய போகக் கூடாது. ஆள் முகம் பார்க்கணும், பேச்சுக் கேக்கணும். இல்லாட்டி தன் இறகைத் தானே பிடுங்கிக்கும்.”

“நான் எங்கயும் போறதில்ல” என்றாள் விசாலி.

*

போவதில்லை என்பது உண்மைதான். கல்யாணமான நாலாம் மாதம், ஒரே ஒரு வருஷத்துக்கு என்று சொல்லி அவளை இந்த வீட்டில் விட்டுவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போனான் கதிரவன். இப்போது நடப்பது மூன்றாவது வருஷம்.

வீடு இரண்டு பங்கு. ஒரு பங்கு காலமான அவள் மாமனாருடையது, மற்றது அவருடைய தம்பி வெங்கட்ராமன் மாமாவுடையது. வீட்டைப் பூட்டக் கூடாது, சாயங்காலம் நடு முற்றமான வளவில் விளக்கு எரிய வேண்டும் என்பது கட்டினவர்கள் வைத்துவிட்டுப்போன ஏற்பாடு. அதனால் தையிலிருந்து தை வரை ஒரு வருஷம் ஒரு பங்குக்காரர் முறை, மறு வருஷம் அடுத்தவர் முறை. தை மாதம் முன்னோருக்குப் படைப்பு நடக்கும். அது முடிந்ததும் முறை முடித்தவர் வெள்ளித் தட்டில் சாவிக்கொத்தை வைப்பார், அடுத்தவர் எடுத்துக்கொள்வார்.

விசாலி முதல் வருஷம் முடித்துத் தட்டில் சாவியை வைத்தபோது வெங்கட்ராமன் மாமா சிரித்துக்கொண்டே தட்டை அவள் பக்கமே நகர்த்தினார்.

“நீயே வச்சுக்கத்தா. எனக்கு பேங்க்ல இன்னும் ஒரு வருஷம் இருக்கு. ரிட்டயர் ஆகட்டும், அப்புறம் நீங்க கூப்பிட்டாலும் பெங்களூரு பக்கம் போகமாட்டேன்.”

கதிரவன் பக்கத்தில் நின்றான். காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் அவருடைய முறையை அவள் பார்த்தாள். அடுத்த தையில் மறுபடி இவர்கள் முறை. மாமா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் வாரம் ஒரு முறை குடும்ப வாட்ஸப் குழுவில் வளவின் பழைய படத்தைப் போட்டு, ‘இந்த வீட்டில் இருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்’ என்று எழுதுவதோடு சரி.

மாமியார் தேனம்மை கெட்டவர் இல்லை. வீட்டில் இருப்பவரும் இல்லை. திருக்கோஷ்டியூருக்கு ஒரு நாள், அமராவதிபுதூரில் யாருக்கோ அறுபதாம் வயது சாந்திக் கல்யாணம், சிங்கம்புணரியில் யாரோ ஒருத்தர் வீட்டுக் காதுகுத்து. இரண்டு பேரும் சேர்ந்து போக முடியாது. “வீட்டுல ஒரு ஆள் இருக்கணும்ல” என்பார் செருப்பை மாட்டிக்கொண்டே. அந்த ஒரு ஆள் எப்போதும் விசாலிதான். ராத்திரி ஆனால் அந்தப் பெரிய வீட்டில் தனியே இருக்க அவருக்குப் பயம். அதற்கும் விசாலி வேண்டும்.

வளவைச் சுற்றிலும் பூட்டிய அறைகள். மேலே வானம் தெரியும் இடத்தில் குரங்கு இறங்காமல் இருக்கக் கம்பி வலை. காலையில் வெயில் விழுந்தால் வலையின் கட்டம் கட்டமான நிழல் தரையில் நகரும். அது கிழக்குத் தூணைத் தொட்டால் மணி ஒன்று என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. அது தெரிந்த நாளில்தான் கதிரவனிடம் போனில் அழுதாள்.

“இந்த ஒரு வருஷம் பொறுத்துக்க விசாலி” என்றான் அவன். பிறகு யோசித்துவிட்டு, “உனக்குத் துணைக்கு ஏதாவது வளர்க்கலாமே” என்றான்.

அதை அவன் குழுவில் போட்டதும் ஊர்க் கூட்டமே நடந்தது. நாய் என்றால் காலையும் மாலையும் வெளியே கூட்டிப்போக வேண்டும், யார் போவது என்று கேட்டார் ரோகிணி அத்தை, வெங்கட்ராமன் மாமாவின் மனைவி. பூனை பால் சட்டியில் வாய் வைக்கும் என்றார் தேனம்மை. மீன் செத்து மிதந்தால் வீட்டுக்கு ஆகாது. கடைசியில் பறவை என்று முடிவானது. வீட்டுக்குள்ளேயே இருப்பது, ரொம்ப நாள் இருப்பது.

வெங்கட்ராமன் மாமா பெரிய மனதோடு குரல் செய்தி அனுப்பினார். “கதிரவா, நீ கையைக் கடிச்சுக்காத. சினிமா ஷூட்டிங்குக்கு வீட்டு முகப்பை வாடகைக்கு விட்டதுல வந்த பணம் இருக்குல்ல, அதுல வாங்குங்க. வீட்டுக்காகத்தான அந்தப் புள்ள இருக்கு. ரெண்டு பங்குக்கும் பொதுவுல எழுதிக்கலாம்.”

எல்லோரும் கும்பிடும் கைகளைப் போட்டார்கள்.

முத்தரசு கடைக்குப் போய்வந்த இரவு விசாலி கதிரவனிடம் பார்த்ததைச் சொன்னாள். “பத்து வருஷத்துதும் இருக்கு, இருபது வருஷத்துதும் இருக்கு, அம்பது வருஷத்துதும் இருக்கு. எது வாங்க?”

“அம்பது இருக்கே, அதையே வாங்கு” என்றான் அவன் உற்சாகமாக.

அவள் முப்பதோடு ஐம்பதை மறுபடி கூட்டிப் பார்த்தாள்.

“லைன்ல இருக்கியா?”

“இங்கதான இருக்கேன். வேற எங்க போவேன்.”

*

ஆடி முடிந்து கிளி வந்தது. கூண்டை வளவில் கிழக்குத் தூண் பக்கம் வைத்தார்கள். விசாலி அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் தங்கிவிட வேண்டியிருக்கும் என்று ஒரு எண்ணம்.

ஆனால் பழகிவிட்டது. கொய்யாத் துண்டை அவள் விரலிலிருந்து வாங்கித் தின்றது. அவள் கோலமாவு டப்பாவைத் திறந்தால் திறந்த கூண்டிலிருந்து இறங்கி வந்து தோளில் உட்கார்ந்தது. பேச்சு மட்டும் இல்லை. தேனம்மை தினமும் அதன் முன் நின்று “முருகா சொல்லு” என்பார். அது அவரைக் கண்கொட்டாமல் பார்க்கும். “ஒங்க மாமனாரும் இப்படித்தான், சொன்னாக் கேக்கவே மாட்டாக” என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்புவார்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், விசாலி பின்கட்டில் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். அறைக்குள் போன் அடித்தது. கதிரவனுக்கென்று தனியாக வைத்திருந்த புல்லாங்குழல் மெட்டு. மாவுக் கையோடு வளவைத் தாண்டி ஓடினாள். போன் கட்டிலில் இருட்டாகக் கிடந்தது. யாரும் அழைத்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது கிளி மறுபடி அந்த மெட்டை எடுத்தது. ஒரு சுரம் பிசகவில்லை.

முதலில் சிரித்தாள். நாள் போகப் போகச் சிரிப்பு வரவில்லை. கிளி அந்த ஒன்றைத்தான் படித்திருந்தது. துணி காயப்போடும்போது, குளிக்கும்போது, கண் அசரும்போது அழைத்தது. கிளிதான் என்று தெரிந்தும் கால் நிற்காது. ஒரு வேளை நிஜமாக அவனாக இருந்துவிட்டால்? கிளிக்கோ அந்தச் சத்தம் கேட்டால் அவள் ஓடி வருவாள் என்பது தெரிந்துவிட்டது.

கார்த்திகையில் அதன் மார்பில் ஒரு இடம் மொட்டையாகத் தெரிந்தது. கூண்டின் அடியில் சாம்பல் இறகுகள் கிடந்தன. முத்தரசுக்குப் படம் அனுப்பினாள்.

அவர் போன் பண்ணினார். “நீங்க பக்கத்துல இருக்கீகள்ல?”

“இருக்கேன்.”

“பேச்சுக் குடுக்கிறீகளா?”

விசாலி யோசித்தாள். காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. யாரிடம் பேசுவது?

“அது வாயாடி சாதிங்க” என்றார் முத்தரசு. “கலகலன்னு பேசுற ஆளு ஒருத்தர் இருந்தாப் போதும், சரியாயிரும்.”

*

தைக்கு எல்லோரும் வந்தார்கள். பெங்களூரிலிருந்து வெங்கட்ராமன் மாமாவும் ரோகிணி அத்தையும் காரில் வந்து இறங்கினார்கள். கதிரவன் முதல் நாள் ராத்திரி பஸ்ஸில் வந்தான்.

காலையில் அவள் பின்கட்டில் படைப்புக்கு அரிசி கழுவிய தண்ணீரில் வெண்டைக்காய் மண்டிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். கதிரவன் பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காயைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்லி அவளைச் சிரிக்கவும் வைத்திருந்தான். அப்போது வளவில் புல்லாங்குழல் மெட்டுக் கேட்டது.

விசாலி கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி நடையைத் தாண்டி, பாதி வளவு வரை ஓடிவிட்டாள்.

அங்கேதான் நின்றாள். பின்னால் திரும்பவில்லை.

கதிரவன் கையில் வெண்டைக்காயோடு நடையில் வந்து நின்றான். அவன் போன் அவன் சட்டைப் பையில் இருந்தது. கிளி மறுபடி ஒரு தரம் அழைத்துவிட்டு, அவள் வந்துவிட்டதைப் பார்த்து நிறுத்திக்கொண்டது.

“நான்தான் பக்கத்துலயே இருந்தேனே” என்றான் மெதுவாக.

“பழகிப்போச்சு” என்றாள் அவள். “மண்டி அடிப்பிடிக்கும், விடுங்க.”

அவன் விடவில்லை. கூண்டின் பக்கம் போய்க் கிளியின் மொட்டை மார்பைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். “எத்தனை நாளா இப்படி ஓடுற?”

அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

படைப்பு நல்லபடியாக முடிந்தது. சாப்பிட்ட இலைகளை எடுத்தபின் வெள்ளித் தட்டு வந்தது. விசாலி சாவிக்கொத்தை வைத்தாள். வெங்கட்ராமன் மாமா பாயாசத்தின் களிப்பில் இருந்தார். கிளியைப் பார்த்து, “நம்ம வீட்டுக் கிளி என்ன லட்சணமா இருக்கு” என்றார். சொல்லிக்கொண்டே ஒரு விரலால் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

விசாலி தட்டைத் தொடவில்லை.

“மாமா, அது நம்ம வீட்டுக் கிளிதானே?”

“பின்ன? பொதுவுல வாங்குனதுல்ல.”

“போன வருஷம் பொதுவுல வாங்கின கிரைண்டரை எங்க அயித்தை அவுக அறையில வச்சுக்கிட்டப்ப நீங்கதான் தீர்ப்புச் சொன்னீக. பொதுச் சாமான் முறைக்காரங்க பொறுப்பு, யாரும் தனக்குன்னு எடுத்துக்கக் கூடாது, வீட்டு வாசப்படியும் தாண்டக் கூடாதுன்னு.”

“ஆமா, சொன்னேன்.” அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. “அதுல என்ன தப்பு?”

“தப்பில்ல மாமா. இந்த வருஷம் உங்க முறை. கிளியும் உங்க பொறுப்பு. பெங்களூருக்குக் கொண்டுபோக முடியாது, வாசப்படி தாண்டுமே. தனியாவும் விட முடியாது.”

தேனம்மை வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார். “நல்லாயிருக்கே கத. கிரைண்டருக்கு ஒரு நியாயம், கிளிக்கு ஒரு நியாயமா, கொழுந்தனாரே?” என்றார். கிரைண்டர் விஷயம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

மாமா சிரித்துப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. “கதிரவா, என்னப்பா இது?”

விசாலி கணவனைப் பார்க்கவில்லை. காலண்டர் அவன் நின்ற பக்கத்துச் சுவரில்தான் மாட்டியிருந்தது. அவன் இப்போதும் அதைப் பார்த்துவிட்டால், இந்த வருஷமும் போயிற்று, அதற்குப் பின் வரும் வருஷங்களும் போயின. தரையில் வலையின் நிழலையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

“உங்க முறைதான் சித்தப்பா” என்றான் கதிரவன். “முந்தின தடவையே நான் சொல்லியிருக்கணும். விசாலி என்கூட வாரா. நாளைக்கு.”

மாமா மனைவியைப் பார்த்தார்.

“என்னைய ஏன் பார்க்கிறீக?” என்றார் ரோகிணி அத்தை. “வாரா வாரம் படம் போட்டு உருகுனது நீங்கதான? இருந்து பாருங்க. நான் மாசத்துக்கு ஒரு தரம் வந்துட்டுப் போறேன்.”

வெகு நேரம் கழித்து வெங்கட்ராமன் மாமா தட்டிலிருந்து சாவியை எடுத்தார். எடுத்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் கிளம்பும்போது விசாலி கூண்டருகே வந்தாள். கிளி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உன்னை மாட்டிவிட்டுப் போகிறேனா என்று நினைத்தாள். வாசல் வரை போனபோது உள்ளேயிருந்து புல்லாங்குழல் கேட்டது. அவள் கால் நின்றது. கதிரவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மறுபடி கேட்டது. அப்புறம், “ஏய், இங்க பாரு, நான் யாரு தெரியுமா, நாப்பது வருஷ சர்வீஸ்” என்று மாமா கிளியிடம் கதை ஆரம்பிப்பது கேட்டது. அவர்கள் படி இறங்கினார்கள்.

*

ஓசூர் வீட்டில் இரண்டே அறை. பங்குனியில் வெங்கட்ராமன் மாமா போன் பண்ணினார்.

“இறகு முளைச்சிருச்சுத்தா. ஆனா இப்ப என் போன் மாதிரி அடிக்குது. குளிக்கப் போனா அடிக்குது. ரோகிணியாக்கும்னு ஓடுறேன்.” சற்றுத் தயங்கினார். “சாயங்காலம் ஆனா ரொம்ப அமைதியா இருக்குத்தா இங்க. எங்க அண்ணமிண்டி, அதான் உன் மாமியா, இன்னைக்கும் காதுகுத்துக்குப் போயிட்டாக. நீ எப்படித்தான் இருந்தியோ.”

மூன்று வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. “பேசிக்கிட்டே இருங்க மாமா, அதுக்குப் பேச்சு வேணும்” என்றாள்.

வைத்தபின் அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த தையில் மறுபடி இவர்கள் முறை. அதற்கு அடுத்து மாமா முறை, பிறகு இவர்கள். கிளிக்கோ ஐம்பது வருஷம்.

கையிலிருந்த போனில் புல்லாங்குழல் மெட்டு எழுந்தது. பெயர் பார்க்கும் முன்பே எழுந்து நின்றுவிட்டாள்.

“அடுப்புல பால் வச்சிருக்கேன், அதான் போன்ல கூப்பிடுறேன்” என்றான் கதிரவன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் அதே குரல் கேட்டது. “நீ சித்தப்பாகிட்ட பேசினது கேட்டுச்சு. அடுத்த தைக்குப் போனா ரெண்டு பேருமாப் போவோம். முடியாதுன்னா பூட்டிட்டு, கிளியை இங்க தூக்கிட்டு வருவோம். யாரு என்ன சொன்னாலும் நான் பேசிக்கிறேன்.”

அவள் அடுப்படிப் பக்கம் அடி எடுத்து வைத்தாள்.

“நீ ஓடி வராத” என்றான் அவன். “பால் பொங்கட்டும், நான் வாரேன்.”