விஜயலெட்சுமி தெரிந்தெடுத்த ஒன்பது செடிகள்

வீட்டு முன்னால் நின்ற ஒன்பது செடிகளையும் பிடுங்கி எரித்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொல்லப்போனால் வேறு யார் தலையிலாவது கட்டப் பார்ப்பேன். எனக்கு அந்தக் குணம் உண்டு.

பூனாகலைப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை அறையை விட்டுத் தனி வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. ஏழு பேர்ச் காணி. வீடு போக முன்னால் ஒரு துண்டு நிலம் மிஞ்சியது. மழைக்காலத்தில் குழாயில் தண்ணீர் வரும். ஆனி பிறந்து வறண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் வெறும் காற்றுதான் வரும். அப்புறம் கீழே பீலிக்கரைக்குப் போய் வாளியில் பிடித்துச் சுமக்க வேண்டும். எழுபத்தாறு படி. என் மனைவி விஜயலெட்சுமிக்கு அந்தப் படி ஆகாது. முப்பது வருடம் கொழுந்துக் கூடையோடு சரிவில் நின்று நின்று வலது முழங்கால் போய்விட்டது.

"எனக்கு ஒரு பூந்தோட்டம் வேணுங்க. ஆனா தண்ணி கேக்காத தோட்டமா இருக்கணும்," என்றாள் வந்த புதிதில்.

"அப்படின்னா பண்டாரவளையில பிளாஸ்டிக் பூ விக்கிறான், வாங்கிட்டு வாறேன்," என்றேன். அவளும் சிரித்தாள். ஆனால் விடவில்லை.

அந்த ஆவணியில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரமாகப் பார்த்து, தேயிலை முடிகிற இடத்துக்கு மேலே இருக்கிற மானாப்புல் மேட்டுக்கு ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு போனாள். நாலு நாள் போனாள். புல் தீப்பிடித்துக் கருகிக் கிடந்த இடம் அது. எது அந்தச் சூட்டிலும் சாகாமல் நிற்கிறது, எது கரிந்த கட்டையிலிருந்து துளிர் விடுகிறது என்று பார்த்து, பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கட்டிவிட்டு வந்தாள். ஐப்பசி மழை இறங்கியதும் மறுபடி போய், துணி கட்டியதை மட்டும் வேரோடு மண்ணோடு தோண்டி வந்து நட்டாள். நெல்லி இரண்டு, ஆவாரை இரண்டு, வெட்சி, பாவட்டை, நொச்சி, ஆடாதோடை. ஒன்பதாவதன் பெயர் அவளுக்கும் தெரியாது.

எனக்கு அது பிடிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் கங்காணியாக இருந்தவன் நான். தேயிலைக்குள் இந்த மாதிரி ஒன்று தலைகாட்டினால் சுரண்டியைப் போட்டு வேரோடு எடுக்கச் சொல்லியே காலம் போனது. இரண்டு நிரைக்கு நடுவில் வெறும் மண் தெரிந்தால்தான் என் கண்ணுக்கு அது வேலை. காட்டில் கிடப்பதைக் கொண்டுவந்து வாசலில் வைத்து அழகு பார்க்கிறாளே என்று எரிச்சல். ஆவாரை மஞ்சளாகப் பூத்தபோது அவள் கூப்பிட்டுக் காட்டினாள். "ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

போன ஆடியில் பதுளையில் முழங்கால் ஆபரேசன் நடந்தது. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், அங்கேயே மகள் துஷாந்தினி வீட்டில் தங்கினாள். தினமும் போனில் செடிகளைப் பற்றித்தான் முதலில் கேட்பாள், என்னைப் பற்றி அப்புறம்.

"நெல்லியில ஒரு இலை இல்ல. வெட்சி சுருண்டு போச்சு. எல்லாம் காஞ்சு கெடக்கு," என்றேன் ஒரு நாள்.

"காயட்டுங்க. அதுங்க இந்த மாசத்துல அப்படித்தான் இருக்கும். ஒண்ணையும் தொடாதீங்க."

சரி என்றேன். நன்றாகக் கேட்டுத்தான் சரி என்றேன்.

அவளைக் கொண்டுவந்து விட சம்பந்தி வீட்டார் வேனில் வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் பதுளை டவுன் ஆட்கள், எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. வந்து இறங்கினதும் வாசலில் குச்சி குச்சியாக நிற்பதைப் பார்த்து என்ன நினைப்பார்கள். அவளுக்காகத்தான் செய்தேன் என்று பிறகு பல பேரிடம் சொன்னேன். உண்மையில் என் கௌரவத்துக்காகச் செய்தேன்.

காலையில் சுரண்டியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். எட்டு செடி சுலபமாக வந்துவிட்டது. பெரிய நெல்லி மட்டும் வரவில்லை. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். செத்த செடியின் வேர் அப்படிப் பிடிக்காது, அது எனக்குத் தெரியும். வெட்டுப்பட்ட இடத்தில் பட்டைக்கு அடியில் பச்சை ஈரமாகத் தெரிந்தது. அதையும் பார்த்தேன். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அந்த ஒன்றாவது மிஞ்சியிருக்கும். என்னையே எதிர்க்கிறதா என்ற கோபத்தில் இன்னும் ஓங்கிப் போட்டேன். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்துத் தீ வைத்தேன்.

பண்டாரவளையில் புவாத் நானாவின் கடையில் பன்னிரண்டு ரோசாச் செடி வாங்கினேன்.

"கங்காணி, இந்தக் காத்துக்கு ரோசா நிக்காது. மழை வரட்டுமே," என்றார் அவர்.

"தண்ணி நான் ஊத்திக்கிறேன். நீங்க கட்டிக் குடுங்க."

பன்னிரண்டையும் இரண்டு நிரையாக, நூல் பிடித்து நட்டேன். மண்ணைக் கூட்டி விட்டேன். பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

வேன் வந்தது. சம்பந்தியம்மா இறங்கியதும், "அடேயப்பா, பங்களா மாதிரியில்ல வச்சிருக்கீங்க," என்றார். விஜயலெட்சுமி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கடைசியாக இறங்கினாள். அப்படியே நின்றாள். நிரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

நான் அதை நம்பினேன். அன்று மாலை எல்லோரும் கிளம்பிப் போகும் வரைக்கும் சந்தோசமாகவே இருந்தேன்.

அவர்கள் போன பிறகு, கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்தபடி கேட்டாள்.

"எங்க போட்டீங்க அதுகள?"

"எரிச்சிட்டேன். செத்துப்போச்சு லெச்சுமி, நான் என்ன பண்ண."

"சாகலைங்க."

"உனக்கு என்ன தெரியும்? நீ ஆறு கெழமையா இங்க இல்ல. ஒனக்காகத்தானே இவ்வளவும்."

அவள் சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். அவள் முழங்காலைத் தடவிக்கொண்டு நிதானமாகப் பேசினாள்.

"எந்த மலையில கொழுந்து எடுக்கணும்னு தொரை சொன்னாரு. எந்த நெரைன்னு நீங்க சொன்னீங்க. கல்யாணத்த அப்பா சொன்னாரு. இந்த வீடு கூட சீட்டுக் குலுக்கித்தான் வந்துச்சு. நான் பிறந்ததுலருந்து எதையும் நானா பார்த்து எடுத்ததில்லங்க. அந்த ஒம்பது செடிதான். அதுவும் இந்தக் கால வச்சுக்கிட்டு ஏறிப் பார்த்து எடுத்தது. இனிமே அந்த மேட்டுக்கு என்னால போக முடியாது."

மன்னித்துவிடு என்று சொல்ல வரவில்லை. அந்த வார்த்தை எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள்.

மறுநாளிலிருந்து எழுபத்தாறு படியையும் நான் ஏறி இறங்கினேன். காலையில் நாலு வாளி, சாயங்காலம் நாலு வாளி. அப்படியும் காற்று ரோசாவை உலுப்பியே தின்றது. புரட்டாசி முடிவதற்குள் பதினொன்று போய்விட்டது. மிஞ்சின ஒன்றுக்கு ஒரு நாள் நான் இல்லையென்று நினைத்து அவள் குடிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஐப்பசியில் மழை இறங்கியது. ஒருவரிடமும் சொல்லாமல் மண்வெட்டியோடு மேட்டுக்குப் போனேன். ஒன்பது செடி, அவ்வளவுதானே, கொண்டுவந்து வைத்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் ஏறினேன். ஏறிப் பார்த்தால் மேடு முழுக்கப் பச்சை. எது வெயிலைத் தாங்கி நின்றது, எது நேற்றைய மழையில் முளைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்து வைப்பதற்குத்தான் அவள் ஆவணி வெயிலில் நாலு நாள் நடந்திருக்கிறாள். அட்டைகள் கடிக்கக் கடிக்க இரண்டு மணி நேரம் அலைந்து, நெல்லி மாதிரி இருந்ததை, ஆவாரை மாதிரி இருந்ததைக் குத்துமதிப்பாகத் தோண்டினேன். ஒன்பது என்ற கணக்கு மட்டும் சரி.

சாக்கில் போட்டுக் கொண்டுவந்து அவள் முன்னால் பரப்பினேன். சட்டையெல்லாம் சேறு. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றின் இலையைக் கசக்கி மோந்து பார்த்தாள். சரியா தப்பா என்று சொல்லவில்லை.

"லெச்சுமி, எது எங்க வைக்கலாம்? நீ சொல்லு. நீ சொல்ற எடத்துல குழி வெட்டுறேன்," என்றேன்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். செடியைத் திரும்பச் சாக்கின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க எங்க சொல்றீங்களோ அங்க வச்சிரலாங்க," என்றாள்.

கங்காணியாக இருந்த காலத்தில் ஒவ்வொரு நாள் காலையும் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் வரிசையாக நிற்கிற பெண்கள் எனக்குச் சொன்ன பதில் அது. அவளும் அந்த வரிசையில் நின்று அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்குள் அவள் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.