சம்பந்தி வீட்டு சப்ஸ்கிரைப்

பொய் சொல்ல அரங்கநாதனுக்கு நன்றாகவே வரும். அதைக் காப்பாற்றத்தான் வராது. போன வாரம் விழுப்புரத்திலிருந்து சம்பந்தி பெரியசாமி போனில் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள பாட்காஸ்ட் போடறான். ஊரே சப்ஸ்கிரைப் பண்ணிக்கினு இருக்குது. பொண்ணு குடுத்த வூட்லேர்ந்து ஒருத்தரும் பண்ணலியேங்க?"

கேள்வியில் பாதி புரியாமலே, "நான் அப்பவே பண்ணிட்டேங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டார் அரங்கநாதன். காதுகுத்து, கிரகப்பிரவேசம் மாதிரி இதுவும் போய்த் தலைகாட்ட வேண்டிய ஏதோ ஒரு முறை என்பது மட்டும் அவருக்குப் பட்டது. தலைகாட்டாவிட்டால் பேச்சு வரும். பேச்சு வந்தால் அது மகள் கலைமதியின் தலையில்தான் விடியும்.

இன்றைக்கு அவளுடைய வளைகாப்புக்கு நாள் பேசப் போகிறார். ஓமந்தூரிலிருந்து திண்டிவனம் வந்து, பூவும் பழமும் வாங்கிக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சொன்ன பொய் ஞாபகம் வந்தது. பெரியசாமி சும்மா விடுகிற ஆளில்லை. 'எங்க, காட்டுங்க' என்பார். மரியாதை தெரியாத வீடு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அனுப்பமாட்டேன் என்றுவிட்டால்? வீட்டில் மனைவி ஜெயம் மகளுக்காகக் கட்டிலுக்குப் புது மெத்தைகூடப் போட்டு வைத்துவிட்டாள்.

பக்கத்து சீட்டுக்காரர் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கல்யாண மண்டபங்களுக்குச் சமைக்கப் போகிறவர், பெயர் ராயப்பன் என்று ஏறியதும் சொல்லியிருந்தார். வெட்கத்தை விட்டு அவரைத் தட்டினார் அரங்கநாதன்.

"தம்பி, பாட்காஸ்ட்டுன்னா இன்னாப்பா?"

"இதாங்கண்ணா. நான் தெனம் ஜெபம் கேக்கறேனே, இதான்."

"ரேடியோவா?"

"ரேடியோ மாதிரிதான். ஆனா நேரம் கெடையாது. பேசி வெச்சிட்டுப் போயிட்டாங்க. நாம எப்ப வேணா கேக்கலாம்."

"படம் வருமா?"

"வராதுண்ணா."

"கெட்டுப் போச்சா?"

"இல்லண்ணா, பேச்சு மட்டுந்தான்."

"சப்ஸ்கிரைப்புக்கு காசு கட்டணுமே?"

"பால் பாக்கெட்டு சொல்லி வெக்கறமில்ல? ஒருவாட்டி சொன்னாப் போதும், தானா வாசல்ல வந்து வுழும். அந்த மாதிரி. காசு கெடையாது."

"காசு வாங்காம எவன்பா பால் போடுவான்?"

ராயப்பன், தன் போனில் இதையெல்லாம் வைத்துக் கொடுத்ததே கோயில் ஃபாதர்தான் என்று ஒப்புக்கொண்டார். இருந்தாலும் கைவிடவில்லை. மாப்பிள்ளை பெயரைக் கேட்டு, பிரவீன்குமார் என்று தேடினார்கள். பிரவீன்குமார்கள் கொட்டிக் கிடந்தார்கள். ஒருவர் பங்குச் சந்தை, ஒருவர் யோகா. கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் அரங்கநாதன் கோழி வளர்ப்பு ஒன்றுக்குச் சந்தாதாரர் ஆகிவிட்டார். எப்படி ஆனார் என்று இருவருக்குமே தெரியவில்லை. கழற்றவும் தெரியவில்லை.

"சம்பந்தி உங்களுக்கு ஒண்ணும் அனுப்பலியா?" என்றார் ராயப்பன்.

அனுப்பியிருந்தார். வாட்ஸ்அப்பில் நீல எழுத்தில் ஏதோ வந்திருந்தது. அதற்கு அரங்கநாதன் கும்பிடு ஒன்றைப் பதிலாகப் போட்டுவிட்டு மறந்திருந்தார். ராயப்பன் தலையில் அடித்துக்கொண்டு அந்த நீலத்தை அழுத்தினார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் கலைமதி பேசினாள்.

"எங்கப்பாவா? அவர் தெனம் போன் பண்ணுவாரே."

"சொல்லும்மா! பஸ்ல வந்துகினு இருக்கேன்!" என்று கத்தினார் அரங்கநாதன்.

அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். "லைன்ல இருக்கா, நான் பேசறது கேக்கல போலிருக்கு" என்று ராயப்பனிடம் போனை நீட்டினார்.

"அண்ணா, இது போன் இல்ல, பாட்காஸ்ட்டு. அவங்க என்னிக்கோ பேசி வெச்சது." ராயப்பன் தன் ஒயரைக் கழற்றி அவர் போனில் செருகி, அவர் காதில் மாட்டிவிட்டார்.

மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "தெனம் அப்படி இன்னாதான் பேசிப்பீங்க?"

"சாப்பிட்டியாம்பாரு. சாப்பிட்டேன்பேன். வெச்சிடுவாரு." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எதச் சாப்பிட்டாலும் வாந்தி. ராத்திரியில பயமா இருக்குது. பயமா இருக்கான்னு அவர் ஒரு நாள் கேட்டாருன்னா சொல்லிடணும்னு இருக்கேன். கேக்கவே மாட்டேன்றாரு."

"இத அவர் கேட்டார்னா?"

"அவரா? அவருக்கு இதெல்லாம் வராது."

அரங்கநாதன் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தினம் கூப்பிடுகிற அப்பன் என்று ஊரில் பெருமை பேசியதெல்லாம் ஞாபகம் வந்து அவமானமாக இருந்தது. விக்கிரவாண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. "சப்ஸ்கிரைப்ப அழுத்திட்டேண்ணா, இனிமே தானா வரும்" என்று ராயப்பன் சொன்னது மட்டும் எங்கிருந்தோ காதில் விழுந்தது.

சம்பந்தி வீட்டில் பெரியசாமி பழத்தட்டை வாங்கி வைத்த கையோடு, "எங்க, காட்டுங்க பார்ப்போம்" என்றார். அரங்கநாதன் காட்டினார். பெரியசாமி மகன் பெயரையும் பக்கத்திலிருந்த கோழியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என்னுதுல இந்த மாதிரி வரலியேங்க. நாலு பேருக்கு அனுப்பி வுட்டா அதான் சப்ஸ்கிரைப்புன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கொஞ்சம் பண்ணி வுடறீங்களா?"

அதற்குள் கலைமதி தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். முகம் வாடி, கழுத்தெலும்பு தெரிந்தது. வழக்கம்போல "சாப்..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

"பயமா இருக்குதாம்மா?"

கலைமதி சொம்பை நீட்டியபடியே நின்றாள். அப்பாவின் தோளில் இன்னும் யாருடையதோ ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள்.

"இருக்குதுப்பா" என்றாள்.

அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும் என்று அரங்கநாதனுக்குத் தெரியவில்லை. பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.